கூட்டுக் குடியிருப்பும் புதியவரும்

மாணவர்களே! உறவினர் பலர் ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில் சமைத்து உண்டு வாழ்வது கூட்டுக் குடும்பம். உறவில்லாத பலர் ஒரே கட்டடத்தில், தத்தம் கதவுகளை அடைத்துக்கொண்டு வாழ்வது அடுக்ககம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்க்கைமுறை ஒன்று உண்டு. அதனைக் கூட்டுக் குடியிருப்பு என்பர். அங்கே ஒவ்வொரு குடும்பத்திற்கும் சமையலறையோடு கூடிய தனி வீடு இருக்கும். அனைவருக்கும் உரிய பொது இல்லம் ஒன்றும் இருக்கும். அதில் பெரிய அடுக்களை, உணவுக்கூடம், சிறுவர் விளையாடும் அறை முதலியன அமையும். வாரத்தில் சில நாள்களேனும் எல்லாரும் அங்கே கூடி உண்பர். சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் முறைவைத்து நடைபெறும்.

இக்காலக் கூட்டுக் குடியிருப்பு டென்மார்க்கு நாட்டில் உருப்பெற்றது. யான் குட்மன்ட்-ஹேயர் என்னும் கட்டடக் கலைஞர் 1964-ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலரோடு கூடி இதற்குத் திட்டமிட்டார். கோபனேகன் நகரை அடுத்த ஓர் ஊரில் நிலமும் வாங்கினர். ஆனால் அவ்வூரார் அவர்களை ஏற்கவில்லை. குடும்பங்கள் பெருகினால் சிறுவர்களின் இரைச்சல் மிகும் என்பது ஊராரின் அச்சங்களுள் ஒன்று! (உங்கள் அடுக்ககத்திலும் இக்குரலை நீங்கள் கேட்டிருக்கலாம்.) முடிவில் அந்நிலத்தை விற்றுவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் 1967-இல் போடில் கிராயே என்னும் எழுத்தாளர், ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்னும் கருத்தில் நாளிதழில் கட்டுரை ஒன்று எழுதினார். அதனைப் படித்த குடும்பங்கள் பல ஒன்றுதிரண்டன. அம்முயற்சியின் பயனாக 1972-இல் செட்டடாமென் என்னும் குடியிருப்பு 27 வீடுகளுடன் எழுந்தது. அமெரிக்காவில் இத்தகைய முதற்குடியிருப்பு 1991-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் அமைந்தது.

வீடு கட்டுவதைவிடக் கடினமான பணி ஒன்று அதன்பின் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல முதலில் குடியேறியோருள் சிலர் வேற்றூர் செல்வர், சிலர் முதுமையடைவர். அவ்வீடுகளுக்குப் புதியவர் வருவர். அவர்கள் நிலம் தேடி அலைந்ததில்லை. நள்ளிரவுவரை நீண்ட கூட்டங்களில் அமர்ந்ததில்லை. பழையவர் தமக்குள் பேசிச் சிரிக்கும் செய்திகள் அவர்களுக்கு விளங்குவதுமில்லை. அவர்களை எவ்வாறு வரவேற்பது?

பல குடியிருப்புகளில், வீட்டை வாங்கும் முன்னரே புதியவரைப் பொது உணவிற்கும் தோட்டவேலை நாளுக்கும் அழைக்கின்றனர். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது வாய்ப்பாகிறது. குடிவந்தபின் பழையவர் ஒருவர் அவருக்குத் துணையாக அமைவார். பொதுக் கருவிகள் எங்கே உள்ளன, எந்நேரத்தில் அமைதி காக்க வேண்டும் என்பனவற்றை அவர் சொல்லித் தருவார். ஆயினும் இவற்றினும் சிறந்த வரவேற்பு, சமையல் அட்டவணையில் புதியவர் பெயரை எழுதுவதே என்பேன். நாள்தோறும் ஒரு வீட்டார் சமைப்பதாகக் கொண்டால், 27 வீடுகளில் ஒருவரது முறை 27 நாள்களுக்கு ஒருமுறை வரும். அந்நாளில் எல்லாரும் அவர் சமைத்ததையே உண்பர். உப்புச் சற்றுக் கூடினாலும் கேடில்லை. உண்டவர் அனைவரும் அவர் பெயரை அறிந்துகொள்வர். விருந்தினராகவே வைத்திருந்தால் எத்தனை அன்பு காட்டினும் அவர் புதியவராகவே இருப்பார்.

இனி, ஆலுவாவிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று காணத்தக்க ஓரிடத்தைப் பார்ப்போம். ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தோபி கானா என்னும் சலவைக்கூடம் உள்ளது. அது குடியிருப்பு அன்று, தொழிலிடம். எனினும் தனியும் பொதுவும் அங்கே இணைந்தே நிற்கின்றன. படைவீரரின் உடைகளை வெளுக்க டச்சுக்காரர்கள் தம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்ததாக அங்குள்ள தமிழர் கூறுவர். இப்போதுள்ள கூடம் 1976-இல் அமைக்கப்பட்டது. துவைக்கும் தொட்டியறைகள் தனித்தனியே உள்ளன. துணி உலர்த்தும் பரந்த வெளி பொதுவானது. கயிற்றில் கவ்விகள் இல்லை. இரு புரிகளாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகுவர். காற்றடித்தாலும் அது நழுவாது. பல தலைமுறைகளாகக் கேரளத்தில் வாழ்ந்தும் அவர்கள் பேச்சில் தமிழ் நிலைத்திருக்கிறது.

இளையோர் பலர் வேறு தொழில்களை நாடுவதால் இன்று அங்கே புதிதாக வருவோர் குறைந்துள்ளனர். அவர்கள் வேறு தொழில் கற்பது நன்றே. அதனை யாரும் குறைகூற இயலாது. ஆனால் பொதுவான வெளி ஒன்றைப் பேணப் பலருடைய கைகள் வேண்டும். கைகள் குறையும்போது எஞ்சியவர்மேல் சுமை ஏறுகிறது. டென்மார்க்கின் பொது அடுக்களைக்கும் கொச்சியின் கொடிக்கயிற்றிற்கும் இது பொருந்தும். ஆகவே புதியவரை ஏற்பது பழையவர் செய்யும் உதவி மட்டும் அன்று. அது பழையவரின் தேவையும் ஆகும்.

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஆண்டின் நடுவே நம் வகுப்பில் வந்து சேர்வோர் உண்டு. உங்களுள் பலரும் அவ்வாறு வந்தவர்களே. திருப்பூரிலிருந்தோ தில்லியிலிருந்தோ வந்த ஒருவர், முதல் வாரம் கடைசி இருக்கையில் பேசாது அமர்ந்திருப்பார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்போர் பட்டியலும், கரும்பலகை துடைப்போர் பட்டியலும் நம் வகுப்புச் சுவரில் உள்ளன. இன்று அவற்றைப் படித்துப் பாருங்கள். இம்மாதம் வந்தவரின் பெயர் அவற்றில் உள்ளதா?