உயரம் ஒரு குறையா? – வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்

பெண் பிள்ளை வயதுக்கு மீறி உயரமாக வளர்ந்துவிட்டால் நம் வீடுகளில் கவலை தொடங்கிவிடுகிறது. "இவளுக்கு ஏற்ற மாப்பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?" என்று உம்மா பெருமூச்சு விடுவார். அக்கம்பக்கத்தார் சூட்டும் பட்டப் பெயர்கள் வேறு. நாளடைவில் அந்தப் பிள்ளை தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, கூனி நடக்கப் பழகிக்கொள்கிறாள். மதரஸாவில் பாடம் நடத்தும் என் கண்ணில் இத்தகைய பிள்ளைகள் ஆண்டுதோறும் படுகிறார்கள். அவர்களிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் இலங்கையைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாண மாவட்டத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த இந்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். 1979ஆம் ஆண்டு பிறந்தவர். உயரம் 208 சென்டிமீட்டர். அதாவது 6 அடி 10 அங்குலம். ஆண்களிலேயே இவ்வுயரமுடையோர் அரிது. அவர் பிறந்த சில ஆண்டுகளிலேயே இலங்கையில் போர் மூண்டது. குண்டு விழும் ஓசையும் இடப்பெயர்வும் நிறைந்த யாழ்ப்பாணத்தில்தான் அவரது தலைமுறை முழுவதும் வளர்ந்து ஆளாயிற்று. அந்த மண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு தமிழ்ப் பெண், சிங்களப் பெண்களே மிகுந்திருந்த தேசிய அணியில் இடம்பெற்று, அந்நாட்டின் கொடியைத் தாங்கி உலக அரங்குகளில் ஆடினார்.

வலைப்பந்து நம் தமிழகத்தில் பலரும் அறியாத ஆட்டம். ஆகவே அதன் முறையைச் சற்று விளக்குவது நலம். கூடைப்பந்தைப் பின்பற்றி 1890களில் இங்கிலாந்தில் பெண்களுக்கென்று உருவான ஆட்டம் இது. அணிக்கு எழுவர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது. கையில் வந்த பந்தை மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்கு எறிந்துவிட வேண்டும். கம்பத்தின் உச்சியில், பத்து அடி உயரத்தில், ஒரு வளையம். கூடைப்பந்தில் இருப்பது போன்ற பின்பலகை இதில் கிடையாது. எனவே பலகையில் மோதித் திரும்பி விழும் என்று நம்பி எறிய இயலாது. நேரே வளையத்துக்குள் இறக்க வேண்டும். எழுவரில் இருவருக்கு மட்டுமே கோல் போடும் உரிமை உண்டு. அவர்களும் கம்பத்தைச் சுற்றிய அரைவட்டத்துக்குள் நின்றே எறிய வேண்டும். பந்தை ஏந்தி நிற்பவரிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்றுதான் எதிரணியினர் தடுக்கலாம்.

இந்த ஆட்டத்துக்கும் இலங்கைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, உலகக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவுவதற்காக 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியது இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் இலங்கை கலந்துகொண்டது. அந்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் இன்றும் பரவலாக ஆடப்படுவது இதுவே.

விதிகளை அறிந்தபின் உயரத்தின் பயன் தானே விளங்கும். கையை உயர்த்தி நின்றால் தர்ஜினியின் விரல் நுனிக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு முழ தூரமே இருக்கக்கூடும். தலைக்கு மேலே எறியப்படும் பந்தை எதிரணிப் பெண் எட்டிப் பிடிப்பது அரிது. ஆனால் உயரம் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. நெரிசலுக்கு நடுவே, மேலிருந்து வரும் பந்தை நழுவவிடாமல் பிடிக்க வேண்டும். கால் பிசகாமல் நிலைகொள்ள வேண்டும். மூன்று விநாடிக்குள் குறி தவறாமல் எறிய வேண்டும். இதை ஓர் ஆட்டத்தில் ஐம்பது, அறுபது முறை செய்ய வேண்டும். நெட்டையாய்ப் பிறந்தவர் அனைவருக்கும் இது கைவந்துவிடுமா என்ன?

பனீ இஸ்ராயீல் மக்களுக்கு அரசராகத் தாலூத் நியமிக்கப்பட்ட வரலாற்றைத் திருக்குர்ஆனில் படித்திருப்பீர்கள். செல்வம் இல்லாத அவர் எங்ஙனம் எங்களை ஆள்வது என்று அம்மக்கள் முறையிட்டபோது, அறிவிலும் உடலிலும் அல்லாஹ் அவருக்கு விரிவை அளித்திருப்பதாகவே அவர்களின் நபி பதில் உரைத்தார். உடலின் வளர்ச்சி அங்கே அருட்கொடையாகச் சொல்லப்படுகிறது. நாமோ அதைப் பெண் பார்க்கும் படலத்தின் அளவுகோலால் அளந்து குறை என்கிறோம்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைப் போர் முடிவுற்றது. இலட்சக்கணக்கான தமிழர் முகாம்களில் அடைபட்டிருந்த ஆண்டு அது. அதே ஆண்டில் ஆசிய வலைப்பந்துச் சாம்பியன் பட்டத்தை இலங்கை வென்றது. அந்த அணியில் தர்ஜினி இருந்தார். அவ்வெற்றியைக் கொண்டாட அவ்வேளையில் எத்தனை தமிழ் உள்ளங்களுக்கு இயன்றிருக்கும் என்பது வேறு கேள்வி. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் வீராங்கனையாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, மெல்போர்னின் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கும் ஆடினார்.

2009க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஆசியப் பட்டம் இலங்கைக்குக் கிட்டவில்லை. 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில், அந்நாட்டு அணியையே 69க்கு 50 என்று வீழ்த்தி மீண்டும் பட்டத்தைக் கைப்பற்றியபோது தர்ஜினிக்கு வயது 39.

அதற்கு அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கோப்பைப் போட்டி. அவரது ஆட்ட வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான். நாற்பது வயதில் அவர் அங்கே 348 கோல்கள் போட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா போன்ற பெரும் அணிகளின் வீராங்கனைகளையும் முந்தி, அப்போட்டியில் மிக அதிக கோல் போட்டவர் அவரே. சிங்கப்பூருக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் இலங்கை போட்ட 88 கோல்களில் 76 அவருடையவை. ஆனால் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்த இடமோ 15!

இதெப்படி? அரைவட்டத்துக்குள் நிற்பவரிடம் பந்து வந்து சேர வேண்டுமல்லவா? ஆட்டக்களத்தின் மறுகோடியில் தடுத்துப் பறிப்பவர், நடுவே ஓடி வாங்குபவர், உயரே குறிபார்த்து எறிபவர் என அறுவரின் உழைப்பு கூடினால்தான் ஏழாமவர் கை வளையத்தை நோக்கி உயரும். உயர்ந்த பெண்ணைத் தடுக்க முடியாத வலிய அணிகள், அவருக்குப் பந்து போகும் வழியை அடைத்துவிடும். மறுகோடியிலோ தம் பங்குக்குக் கோல்களைக் குவித்துவிடும். ஒரு பிள்ளைக்கு எத்தனை திறமை இருந்தாலும், சுற்றி நிற்பவர் பந்தை எடுத்துத் தராவிட்டால் அவள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இதை நான் ஆட்டக்களத்தை மட்டும் எண்ணிச் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இலங்கை மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நாட்டின் அதிபரே நாட்டைவிட்டு ஓடினார். அந்த ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்று இலங்கைப் பெண்கள் ஆறாம் முறையாக ஆசியப் பட்டம் பெற்றார்கள். அன்றே துபாயில் இலங்கை ஆண்கள் ஆசியக் கோப்பைக் கிரிக்கெட்டை வென்றார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் வெற்றியைச் சொல்வார்கள். மற்றொன்று அவர்கள் காதுக்கே எட்டியிராது. 2023இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடிவிட்டு, 44ஆம் வயதில் தர்ஜினி சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

இதெல்லாம் நம் பெண்களுக்கு ஆகுமா என்று சிலர் முகம் சுளிப்பர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஒருமுறை முந்தினார்கள். பிற்காலத்தில் உடல் சற்றுப் பருத்தபின் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். முன்னதற்கு இது ஈடாயிற்று என்று புன்னகையோடு சொன்னார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் வரும் செய்தியே. உடையைப் பற்றிய அச்சம் நியாயமானது. உலகப் போட்டிகளில் காணும் குட்டைப் பாவாடையை நம் பிள்ளைகள் அணிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மலேசியாவின் முஸ்லிம் பெண்கள் தலையை மறைத்து, முழுக்கைச் சட்டையும் நீள்காலுடையும் அணிந்தே இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அந்நாட்டு அணிக்காகவும் ஆடுகிறார்கள். அதனால் அவர்கள் பந்து வளையத்துக்குள் விழ மறுப்பதில்லை.

நம் பெண்கள் அரபிக் கல்லூரிகள் பலவற்றில் மதில் சூழ்ந்த முற்றம் உண்டு. இவ்வாட்டத்துக்கு வேண்டியது 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட சமதரை, இரண்டு கம்பங்கள், ஒரு பந்து. இடம் சிறிதானால் ஒரு கம்பத்தை நட்டு எறியப் பழகினாலும் போதும். பதினைந்து நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகளாக ஆடும் முழு ஆட்டமும் இடைவேளைகளைச் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கினால் மஃரிபுக்கு பாங்கு சொல்வதற்குள் உளூச் செய்து நிற்கலாம்.