மாட்டாஸ்பத்திரியில் ஒத்தை டாக்டர்!

ஆபீஸில் ரெண்டு பேர் லீவு போட்டால் ஃபைல் தேங்கும். அவ்வளவுதான். மாட்டாஸ்பத்திரியில் ஆள் இல்லையென்றால்? கன்று போட முடியாமல் தவிக்கிற பசுவிடம் 'திங்கட்கிழமை வாம்மா' என்று சொல்ல முடியுமா!

5,000 மாட்டு அலகுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய விவசாயக் கமிஷன் 1976-லேயே சொல்லிவிட்டது. ஆனால், ஒரே டாக்டர் ஓடி ஓடி வைத்தியம் பார்க்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

டாக்டர் பக்கத்து ஊர் கேஸுக்குப் போயிருக்கிறார். வாசலில் வயிறு உப்பிய மாடு. "இருபது வருஷ சர்வீஸ் ஆச்சே, நீங்களே ஒரு ஊசி போட்டுடுங்கண்ணே!" என்று உதவியாளரிடம் கெஞ்சுகிறார் மாட்டுக்காரர்.

போடலாமா? 1984-ம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கணும் என்கிறது. மாநில அரசு அனுமதித்தால், அதற்கான சான்றிதழ் உள்ள ஊழியர் டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம். வெறும் அனுபவம் லைசென்ஸ் ஆகாது!

அதற்காக மாட்டைத் திருப்பி அனுப்புவதும் பாவம். எந்த வேலை யார் கையில், டாக்டர் இல்லாதபோது யாரைக் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் கை நடுங்காது.

அடுத்த கண்டம், கையெழுத்து. "மாடு செத்துடுச்சு சார். நீங்க அலைய வேணாம், இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட்ல ஒரு கையெழுத்து போதும்!" டாக்டருக்கும் நேரமில்லை, மனசும் இளகுகிறது. ஆனால் பிணத்தையும் காதுத் தோட்டையும் பார்க்காமல் போடும் கையெழுத்து பொய்ச் சான்றிதழாகிவிட்டால், கோர்ட்டில் நிற்பது அந்த இளகிய மனசுதான்.

மூன்றாவது, நம்ம காபி சம்பந்தப்பட்டது. ஆன்ட்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, அந்த மருந்துக்குரிய நாட்கள் வரை விற்கக் கூடாது. கூட்ட நெரிசலில் டாக்டர் இதைச் சொல்ல மறந்தால், மருந்து நேரே நம்ம டம்ளருக்கு வரலாம். சீட்டில் ஒரு வரி எழுத அரை நிமிஷம் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆள் பற்றாக்குறையை மேலதிகாரியிடம் போனில் புலம்பினால் காற்றோடு போச்சு. தேதி போட்டுக் கடிதமாகக் கொடுத்தால், நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தக் காகிதம் பேசும்.

வாயில்லா ஜீவன் புகார் எழுதாது. அதன் டாக்டராவது எழுத வேண்டாமா?