மிரளும் காவல் நாய்க்குப் பயிற்சியோடு மருந்தும் எப்போது தேவை?

தோட்டத்துக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் வைத்திருக்காத விவசாயிகள் குறைவு. மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுகிறோம். அதே வீட்டில் நாய் மிரண்டு ஓடினாலோ, வீட்டு ஆட்களையே கடிக்க வந்தாலோ ‘அதன் குணம் அப்படி’ என்று விட்டுவிடுகிறோம். அடிக்கிறோம், சங்கிலியில் போடுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டு வருகிறோம். இந்த நாய்களில் பலவற்றைத் திருத்த முடியும். சிலவற்றுக்குப் பயிற்சி மட்டும் போதும், சிலவற்றுக்குப் பயிற்சியோடு மருந்தும் வேண்டும்.

எல்லோரும் பார்த்திருக்கும் உதாரணம் வெடிச் சத்தப் பயம். தீபாவளி, ஊர்த் திருவிழா, காட்டுப்பன்றியை விரட்டப் போடும் வெடி, மயிலை ஓட்டப் பயன்படுத்தும் சத்தத் துப்பாக்கி என்று கிராமத்து நாய்க்கு ஆண்டு முழுவதும் சத்தம்தான். ஒரு நாய் காதை விறைத்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று நடுங்கி, எச்சில் வடித்து, கட்டிலுக்கு அடியில் நுழையும் அல்லது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடிய நாய் கிணற்றில் விழுவதும் சாலையில் அடிபடுவதும் அந்த நேரத்தில்தான்.

முதலில் நோயா என்று பாருங்கள்

நேற்று வரை நன்றாக இருந்த நாயின் குணம் ஓரிரு நாளில் மாறினால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காரணமில்லாமல் கடிப்பது, இருட்டில் ஒளிவது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது போன்றவை வெறிநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நாயைத் தொடாமல் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். யாரையாவது கடித்திருந்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது உண்டுதான். ஆனால் அதற்காக மனிதருக்குப் போடும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வலியும் நாயைக் கடிக்க வைக்கும். காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, பல் சொத்தை என்று எது இருந்தாலும், தொட்டால் உறுமும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து எரிச்சலாக இருக்கும். இதற்கெல்லாம் அந்தந்த நோய்க்குச் சிகிச்சை கொடுத்தால் குணமும் பெரும்பாலும் பழையபடி திரும்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கூப்பிட்டால் வராத குட்டியைத் ‘திமிர் பிடித்தது’ என்று அடிப்பதற்கு முன், அது உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

எல்லாக் குணத்துக்கும் மருந்து கிடையாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் ஆட்டுக்குட்டியையும் கோழியையும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. அது பயமும் இல்லை, நோயும் இல்லை. குட்டியிலிருந்தே ஆடு கோழியோடு பழக்குவதும், மேய்ச்சல் நேரத்தில் கட்டி வைப்பதும்தான் வழி. மருந்து உதவுவது பயம், பதற்றம், தனியே விடப்பட்டால் தவிப்பது போன்றவற்றுக்கும், அந்தப் பயத்தால் கடிக்கும் பழக்கத்துக்கும்தான்.

அடித்தால் ஏன் அடங்காது?

பயத்தில் இருக்கும் நாயை அடித்தால், வெடிச் சத்தத்தோடு அடியும் சேர்ந்து வரும் என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். எந்நேரமும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓட வழியில்லை. ஓட முடியாத பிராணி திரும்பித் தாக்கும். நம் ஊரில் குழந்தைகள் கடிபடும் சம்பவங்களைக் கேட்டுப் பார்த்தால், அந்தச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் பல நடந்திருக்கும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று சொல்வதும் சரியல்ல. அது உங்கள் பக்கத்தில் வந்து படுத்தால் படுக்க விடுங்கள், முதுகில் கை வையுங்கள். தவறொன்றும் இல்லை.

பயிற்சி எப்படி?

பயம் வராத அளவுக்குச் சின்னச் சத்தத்தில் தொடங்கி, அதோடு நல்ல தீனியைச் சேர்த்து, சத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். செல்போனில் வெடிச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெதுவாக வைத்து, சத்தம் வந்த உடனே வேகவைத்த முட்டை அல்லது கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுங்கள். சத்தம் நின்றால் தீனியும் நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். நாய் நிம்மதியாகச் சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு படி கூட்டுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம், வெந்த எலும்பும் வேண்டாம்.

இதில் ஒரு சோதனை அடங்கியிருக்கிறது. பிடித்த ஈரலை மூக்கருகே நீட்டியும் நாய் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அது கற்றுக்கொள்ளும் நிலையைத் தாண்டிவிட்டது. சத்தத்தை இன்னும் குறைத்துப் பாருங்கள். மிக மெல்லிய சத்தத்துக்கே நடுங்குகிறது, இடியையும் தாங்கவில்லை, நடுங்கி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் தீனி எடுக்கவில்லை என்றால், அந்த நாய்க்குப் பயிற்சி மட்டும் பலன் தராது. பயத்தில் மூளை கொதித்துக்கொண்டிருக்கும்போது பாடம் ஏறாது. அந்தக் கொதிப்பைக் குறைத்து, பாடம் ஏறும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் மருந்தின் வேலை.

மருந்தை மட்டும் கொடுத்தாலும் போதாது. நாய் தனிமையில் தவிப்பதற்கு அமெரிக்காவில் 1998-ல் குளோமிப்ரமின் மருந்துக்கும் 2007-ல் ஃபுளூக்செட்டின் மருந்துக்கும் அரசு அனுமதி கிடைத்தது. இரண்டுமே முதலில் மனிதர்களின் மனச்சோர்வுக்கு வந்தவை. அந்த அனுமதியிலேயே, பழக்கத்தை மாற்றும் பயிற்சியோடு சேர்த்துத்தான் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டு வகை மருந்து

ஃபுளூக்செட்டின், குளோமிப்ரமின் போன்றவை தினமும் கொடுப்பவை. மூளையில் செரட்டோனின் என்ற பொருள் கூடுதல் நேரம் வேலை செய்ய இவை உதவுகின்றன. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சில நாய்களுக்கு எட்டு வாரம்கூட ஆகும். பத்து நாள் கொடுத்துவிட்டு ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று நிறுத்துவது யூரியா போட்ட மறுநாளே பயிர் பச்சை பிடிக்கவில்லை என்று சொல்வது போலத்தான். பலன் தெரிந்த பிறகும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும்படி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலம், டிராசோடோன் போன்றவை சத்தம் வரப்போகும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு கொடுப்பவை. பண்டிகை நாளில் முதல் தடவையாகக் கொடுக்காமல், மருத்துவரிடம் கேட்டு ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் மயங்குவதற்குப் பதில் துள்ள ஆரம்பிக்கும். கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அல்பிரசோலம் கொடுத்தால் பயம் விலகி, கூடவே தயக்கமும் விலகலாம். எனவே கடித்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெடிப் பயத்துக்கு அசிப்ரோமசின் மருந்தை மட்டும் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அது உடலைக் கட்டிப்போடும், பயத்தைக் குறைக்காது. நாய் அடங்கிக் கிடப்பதுபோல் தெரியும். உள்ளே நடுக்கம் அப்படியே இருக்கும், சத்தத்துக்கு இன்னும் அதிகமாகத் திடுக்கிடவும் செய்யலாம். கள், சாராயம் கொடுத்துப் படுக்க வைப்பது இதைவிட மோசம். நாயின் உயிருக்கே ஆபத்து.

மருந்தின் அளவை வேண்டுமென்றேதான் இங்கு எழுதவில்லை. நான் வேளாண் விரிவாக்கத்தில் இருப்பவன். மருந்து எழுதுவது கால்நடை மருத்துவரின் வேலை. நாயின் எடை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அவர் அளவை முடிவு செய்வார். வீட்டில் பெரியவர் சாப்பிடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

உண்ணி மருந்து வைத்திருப்பவர்கள் கவனிக்க

மாடு வளர்க்கும் பல வீடுகளில் உண்ணிக்காக அமிட்ராஸ் 12.5 சதவீதத் திரவம் இருக்கும். மாட்டுக்குத் தெளித்த கையோடு நாய்க்கும் கொஞ்சம் ஊற்றிக் குளிப்பாட்டுவது வழக்கம். ஃபுளூக்செட்டின் அல்லது குளோமிப்ரமின் சாப்பிடும் நாய்க்கு இது கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கம், கடும் உடல் சூடு, வேகமான இதயத்துடிப்பு, வலிப்பு என்று உயிர் போகும் நிலை வரலாம். அமிட்ராஸ் பூசிய கழுத்துப் பட்டையும் கூடாது. ஃபுளூக்செட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். எனவே மாத்திரை முடிந்த மறுநாளே தெளிப்பதும் தவறு. நாய் மாட்டுக் கொட்டகையில் படுக்கும் என்றால், கொட்டகையில் எந்த உண்ணி மருந்து அடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையே எடுத்துப் போங்கள். வலிக்காக டிரமடால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் இதேபோல் சொல்ல வேண்டும்.

டிஸ்டெம்பர் வந்து பிழைத்த நாய்களுக்குச் சில நேரம் வலிப்பு தங்கிவிடும். வலிப்பு உள்ள நாய்க்கு இந்த மருந்துகள் ஆகாமல் போகலாம். அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் நாய் தீனியைக் குறைக்கலாம், சோர்ந்து படுக்கலாம், ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் தீனி எடுக்காவிட்டாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது தொடங்குவது?

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. தினசரி மருந்து வேலை செய்ய ஆறு வாரமாவது வேண்டும் என்பதால் ஆவணியிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் போனால் அந்த இரவைக் கடத்த ஒரு மாத்திரை கிடைக்கலாம், அவ்வளவுதான். மருந்து பிடித்து நாய் தெளிவானதும் செல்போன் பயிற்சியை நிறுத்தாமல் நடத்துங்கள். பல மாதம் நன்றாகப் போன பிறகு மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வெடிக்கும் இரவில் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து, சன்னல் சாத்திய அறையில் தண்ணீரும் பழைய சாக்கும் போட்டு விடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள்.

மருந்தகத்துக்குப் போகும்போது நாய் மிரளும்போது எடுத்த செல்போன் வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும். மருத்துவர் முன்னால் அது பூனை மாதிரி நிற்கும். எந்தச் சத்தத்துக்கு, எத்தனை மாதமாக, யாரையாவது கடித்ததா, கடைசி வெறிநோய்த் தடுப்பூசி எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர் மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்கு அனுப்பும்படி அவரிடமே கேட்கலாம்.