சட்டைப்பையில் ஒரு வாயுக்கலம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருவில் வசிக்கும் மீனவர் ஒருவர், வாயு நிரப்பிக் கொள்ளும் லைட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, பொறி வருது, தீ புடிக்க மாட்டேங்குது. கேஸ் தீந்துபோச்சு போல. வீட்டு சிலிண்டர்லேருந்து குழா வெச்சு ரொப்பிக்கலாமா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே, அதை மட்டும் செஞ்சுடாதீங்க!" என்றேன்.

"ஏன், ரெண்டும் கேஸ்தானே?"

நியாயமான கேள்வி. அன்று அவருக்குச் சொன்ன விடையையே இங்கு சற்று விரிவாகக் காண்போம்.

உள்ளே இருப்பது என்ன?

லைட்டர்களில் இரு வகை உண்டு. சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் நீண்ட லைட்டரில் பெரும்பாலும் வாயு இல்லை. அது பொறியை மட்டுமே தரும். சட்டைப்பையில் வைக்கும் லைட்டரில் பொறியும் உண்டு, எரிபொருளும் உண்டு. அந்த எரிபொருள் பியூட்டேன் என்னும் ஹைட்ரோகார்பன் ஆகும்.

பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய சுழி டிகிரி செல்சியஸ். எனவே நம் ஊர் வெப்பநிலையில் அது வாயுவாகவே இருக்க வேண்டும். ஆனால் லைட்டரின் பக்கவாட்டில் பார்த்தால் நீர்போன்ற திரவம் ததும்புகிறதே, எப்படி? மூடிய கலத்தினுள் திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகி, எஞ்சிய திரவத்தின்மேல் அழுத்துகிறது. இதுவே ஆவி அழுத்தம். 30 டிகிரி வெப்பநிலையில் பியூட்டேனின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 2.8 மடங்கு. இந்த அழுத்தத்தில் பியூட்டேன் திரவமாகவே அடங்கியிருக்கிறது. வால்வைத் திறந்தால், இதே அழுத்தம் வாயுவை வெளியே தள்ளுகிறது. திரவம் ஒரு துளி மீதி இருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிடில், அழுத்தமும் குறைவதில்லை. அதனால்தான் லைட்டரின் சுடர் கடைசிவரை ஒரே அளவாக எரிகிறது.

இனி சமையல் வாயுவைப் பார்ப்போம். அது பியூட்டேனும் புரொப்பேனும் சேர்ந்த கலவை. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதே 30 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கிற்கும் மேல்! கனத்த எஃகு உருளை அதைத் தாங்கும். லைட்டரின் மெல்லிய சுவர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. கலம் வெடிக்கலாம், சுடர் முகம் வரை சீறலாம். குழாய் வைத்து நிரப்பும்போதே கசிவும் தவிர்க்க முடியாதது. "ரெண்டும் கேஸ்தானே" என்பதற்கு இதுதான் விடை.

பொறி பிறக்கும் விதம்

சக்கரத்தைச் சுழற்றும் லைட்டரில் உள்ள 'கல்' உண்மையில் கல் அன்று. சீரியம் முதலிய அருமண் உலோகங்களும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை அது. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1903-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரம் சுரண்டி எடுக்கும் நுண்துகள்கள் காற்றில் தாமாகவே பற்றி எரிகின்றன. சீரியம் நமக்கு அந்நியமான பொருள் அன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்னும் கனிமத்தில் அது நிறைய உண்டு.

'டக்' என்று அழுத்தும் லைட்டரில் வேறு உத்தி. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பிரான்சின் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டனர். லைட்டரில் ஒரு சிறு சுத்தியல், இத்தகைய பண்புள்ள பீங்கான் துண்டின்மேல் மோதுகிறது. அப்போது எழும் பல ஆயிரம் வோல்ட், கம்பி முனைக்கும் வாயுத் துளைக்கும் இடையே பொறியாகத் தாவுகிறது.

நிரப்பும் முறை

கடையில் கிடைக்கும் லைட்டர் பியூட்டேன் டப்பாவையே பயன்படுத்துக. வெளிக்காற்று உள்ள இடத்தில், அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் அருகில் இல்லாமல் நிரப்புக. பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது. சிந்தினால் தரையோடு தவழ்ந்து, மூலையில் தேங்கும். ஒரு கன சென்டிமீட்டர் திரவம் ஆவியானால் சுமார் 240 கன சென்டிமீட்டர் வாயுவாகும். காற்றில் 1.8 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும். அதாவது அந்தச் சிறு அளவே சுமார் 13 லிட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கப் போதும்.

முதலில் சுடர் அளவுத் திருகை மிகக் குறைந்த நிலைக்குத் திருப்புக. பிறகு லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ள நிரப்பும் வால்வைச் சிறு திருப்புளியால் அழுத்தி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுக. இது ஏன் தேவை? பியூட்டேன் ஆவி அழுத்தப்பட்டால் திரவமாகிவிடும். காற்று அவ்வாறு ஆகாது. நிரப்பும்போது அது ஒரு மூலையில் நெருக்குண்டு, தன் அழுத்தத்தையும் ஆவி அழுத்தத்தோடு கூட்டி, மேலும் திரவம் வராமல் தடுக்கும். 'எவ்வளவு நிரப்பினாலும் பாதிதான் நிரம்புகிறது' என்று சிலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுவே.

அடுத்து, தலைகீழாக உள்ள லைட்டரின் மேல் டப்பாவைக் கவிழ்த்து, சாயாமல் செங்குத்தாக ஐந்து வினாடி அழுத்துக. கலம் முழுவதும் நிரப்பலாகாது. வெயிலில் திரவம் விரிவடையும். அதற்கு இடம் வேண்டும். திரவம் கொள்ளளவில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது லைட்டர்களுக்கான பன்னாட்டுத் தரவிதி.

நிரப்பிய உடனே பற்றவைக்காதீர்கள். சிந்திய திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால் லைட்டர் சில்லென்று குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நிலையில் ஆவி அழுத்தம் குறைவு. ஐந்து நிமிடம் பொறுத்தால் லைட்டர் அறை வெப்பநிலைக்கு வரும். சிந்திய வாயுவும் கலைந்துவிடும்.

பழுதைக் கண்டறிதல்

தீ எரியப் பொறி, எரிபொருள், காற்று மூன்றும் வேண்டும். எது குறைகிறது என்று வரிசையாகப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

பொறி இல்லையா? கல் தேய்ந்திருக்கலாம். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பு ஈரத்தில் கல் உப்பிப் பொடிந்து, துளையிலேயே இறுகிவிடும். திருகையும் சுருள்வில்லையும் கழற்றி, பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்கல் இடலாம். அழுத்தும் வகையாயின், கம்பி முனையில் படிந்த கரியையும் ஈரத்தையும் உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும்.

பொறி உண்டு, வாயு சீறும் ஒலி இல்லையா? திரவம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால், திருகு மிகவும் மூடியிருக்கலாம்; அல்லது நுண்துளை அடைபட்டிருக்கலாம். ரப்பர் குமிழால் காற்றை ஊதித் தூசியை அகற்றுக. ஊசியால் குத்தலாகாது, துளை அகன்றால் சுடர் அடங்காது.

பொறி, சீறல் இரண்டும் இருந்தும் தீ இல்லையா? வாயு மிகுந்திருக்கலாம். காற்றில் பியூட்டேன் சுமார் 8.4 விழுக்காட்டைத் தாண்டினாலும் பற்றாது. திருகைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

கையை எடுத்த பின்னும் சீறுகிறதா? ஐயமிருந்தால் லைட்டரை நீரில் அமிழ்த்துங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் வால்வு கெட்டுவிட்டது. அந்த லைட்டரைப் பழுது பார்க்க முயலாமல், திறந்த வெளியில் வாயு முழுவதும் வெளியேறவிட்டு, விலக்கிவிடுவதே அறிவுடைமை.

அன்று நடந்தது

அண்டை வீட்டாரின் லைட்டரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தோம். பாதிக்கலம் திரவம் இருந்தது! பொறி வந்தது, சீறல் மட்டும் இல்லை. வாயுத் துளையைச் சுற்றி மணலும் உப்பும் படிந்திருந்தன. ஊதி அகற்றி, திருகைச் சிறிது திருப்பியதும் ஓர் அங்குலச் சுடர் எழுந்தது.

"கேஸ் இருந்திருக்குதே தம்பி!" என்றார் அவர்.

தீராத வாயுவைத் தீர்ந்ததாக எண்ணி, தாங்காத கலத்தில் சமையல் வாயுவை ஏற்ற இருந்தார். அவர் வீட்டில் அப்போது மூன்று குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். பழுது என்றதும் கையை நீட்டுமுன், ஒரு நொடி பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, காரணம் இன்னதென்று தெளிந்துகொள்வது நல்லது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாம் கற்பிப்பதும் இதைத்தானே!