லோயர் கேம்ப் மணிமண்டபம்: பென்னிகுயிக் சொத்தை விற்றுத்தான் பெரியாறு அணையைக் கட்டினாரா?

கம்பத்தில் குமுளி பஸ் ஏறினால், கூடலூர் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் முன் வரும் கடைசி ஊர் லோயர் கேம்ப். வழியெல்லாம் நெல், வாழை, தென்னை, இடையிடையே திராட்சைப் பந்தல். ஐயப்ப சீசனில் பஸ் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் அந்த ஸ்டாப்பில் இறங்குவது நாலைந்து பேர்தான். நான் இறங்கியது கர்னல் ஜான் பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்க்க.

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். பென்னிகுயிக் படத்தைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர முடியாது. டீக்கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மீசையும் கோட்டுமாக மாலையோடு இருப்பார். வீட்டுச் சுவரில் இருப்பார். பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்தவர்களும் உண்டு. இவ்வளவு இருந்தும், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, மணிமண்டபத்துக்குள் நான் போனதே இல்லை.

போக வைத்தது ஒரு கார் ரேஸ் டிரைவர். ஸ்போர்ட்ஸ் செய்தி ஒன்றுக்காக ஜிம் கிளார்க் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். விவசாயக் குடும்பத்துக்காரர். 1963, 1965 என இரண்டு முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் டிராக்கில் நடந்த விபத்தில் இறந்தபோது வயது 32. ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்ற சின்ன ஊரில் அவருக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. மறு வருஷமே அவர் வாங்கிய கோப்பைகளை வைத்து ஓர் அறையாகத் தொடங்கியது. 2019இல் பெரிதாக்கித் திறந்தார்கள். அர்ஜென்டினாவில் பால்கார்ஸே என்ற ஊரிலும் இதே கதைதான்: ஐந்து முறை சாம்பியனான ஃபாங்கியோவுக்கு அவர் பிறந்த ஊரில் மியூசியம். ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சின்ன ஊர் மியூசியம் வைக்குமா என்று யோசித்தபோதுதான் உறைத்தது, நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கே!

ஒரு வித்தியாசம். கிளார்க்கும் ஃபாங்கியோவும் அந்தந்த மண்ணின் பிள்ளைகள். பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்தில் இறந்தார். கம்பம் பள்ளத்தாக்குக்கு அவர் வந்தது வேலை நிமித்தமாக.

உள்ளே என்ன இருக்கிறது?

சிலை இருக்கிறது. அணை கட்டிய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. அவசரமாகப் பார்த்தால் கால் மணி நேரம் போதும். ஆனால் படங்களுக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். காட்டுக்கு நடுவே ஆறு, பாதி எழும்பிய சுவர், எறும்பு மாதிரி ஆட்கள்.

வெளியே வந்து மலையைப் பார்த்தால் நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்குகின்றன. பெரியாறு நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்கள் அவை. என்னைக் கேட்டால் இந்த மியூசியத்தின் முக்கியமான காட்சிப் பொருள் கட்டடத்துக்கு வெளியேதான் இருக்கிறது. கிளார்க்குக்குக் கோப்பை மாதிரி, இவருக்கு இந்தத் தண்ணீர்.

மேற்கே போன ஆறு கிழக்கே திரும்பியது எப்படி?

பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் வைகைப் படுகை காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரை இங்கே திருப்பலாமா என்ற யோசனை பென்னிகுயிக்கினுடையது அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை யோசித்திருக்கிறார். பணம் இல்லாமல் கைவிடப்பட்டது. 1808இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1860களில் கேப்டன் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டம் கொடுத்தார். பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆனால் திட்டத்தின் அவசியத்தைப் புரிய வைத்ததும் அதே பஞ்சம்தான்.

1882இல் திட்டத்தை முழுசாகத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டு வாடகை 40,000 ரூபாய். 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார்.

நடுவில் எட்டு வருஷம். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகச் சுவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. சிமென்ட் கிடையாது, கல்லை இணைத்தது சுண்ணாம்பும், செங்கலைப் பொடித்துச் செய்த சுர்க்கியும். இந்தப் பக்கச் சமவெளியிலிருந்துதான் பொருள்கள் மலையேறின: மாட்டு வண்டியில், கம்பிவட ரோப்வேயில், அப்புறம் ஆற்றில் படகில். தேக்கடியில் மலையைக் குடைந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம். அது வழியாக வரும் தண்ணீர் சுருளியாற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் இதை நம்பி இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல்.

அப்போ சொத்தை விற்ற கதை?

இதுதான் எங்க அப்பத்தா எனக்குச் சொன்ன முதல் பென்னிகுயிக் கதை. "அணைய வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. சர்க்காரு காசு தரமாட்டேன்னுட்டான். தொரை சீமைக்குப் போயி, வீடு வாசல், பொண்டாட்டி நகை எல்லாத்தையும் வித்துட்டு வந்து கட்டுனாருய்யா." தேனி மாவட்டத்தில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் இதே கதை கிடைக்கும். மேடையிலும் பேசுகிறார்கள், சினிமா டயலாக் மாதிரி வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது.

ஆனால் அதற்கு ஆவணம் எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை. இது சென்னை மாகாண அரசு அனுமதித்து, அரசுப் பணத்தில் நடந்த திட்டம். கட்டுமானத்தில் உடன் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு 1899இல் சென்னையில் அச்சானது. லண்டன் பொறியாளர் சங்கத்தில் பென்னிகுயிக்கே இந்த அணை பற்றிக் கட்டுரை வாசித்திருக்கிறார். கதையை நிரூபிக்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டிய இடங்கள் இவை.

இதை எழுதினால் ஊரில் திட்டு விழும் என்று தெரியும். ஆனால் கதை கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதை 2021இல் பார்த்தோம். மதுரையில் கலைஞர் நூலகத்துக்குத் தேர்வான இடத்தில் இருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாது என்று சர்ச்சை கிளம்பியது. அரசு பதிவேட்டைக் காட்டியது: கட்டடம் 1913இல்தான் கட்டி முடிந்தது, அவர் இறந்தது 1911இல்.

நகையை விற்காவிட்டால் அவர் செய்தது குறைந்துவிடுமா என்ன? வெள்ளம் மறுபடி மறுபடி அடித்த பிறகும் அந்தக் காட்டுக்குத் திரும்பி வந்தாரே, அது பதிவான விஷயம்.

கூட வேலை பார்த்தவர்கள்

கதை துரையோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு வருத்தம். மெட்ராஸ் பயனியர்ஸ் படைப்பிரிவினர், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசிய வம்சாவளித் தச்சர்கள், கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய கூலிக்காரர்கள் என்று பலரும் அங்கே இருந்தார்கள். மழைக்காலத்தில் வேலை ஓடாது. வெயில் காலத்தில் மலேரியா. குளிரும் காய்ச்சலும் தாங்க சாராயம் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அணையே எழும்பியிருக்காது என்ற ரீதியில் மெக்கன்சி எழுதி வைத்திருக்கிறார். நோயில் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்கிறது கணக்கு. அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். இன்று அந்த இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், நினைத்த நேரத்தில் போய் ஒரு பூ வைக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு மணிமண்டபப் படங்களை மறுபடி பார்த்தேன். எறும்பு மாதிரி என்று மேலே எழுதினேனே, அந்த ஆட்கள் இவர்கள்தான்.

மண்டபம் ஏன் 2013இல் வந்தது?

அணை திறந்து 117 வருஷம் கழித்து ஏன் திடீர் என்று? 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அணை பலமாக இல்லை, புதிசு கட்ட வேண்டும் என்று கேரளம் சொல்ல, கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கி நடந்தார்கள். அடுத்த மாதமே மணிமண்டப அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரி 15 அன்று முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2014 மே மாதம். 152 அடி வேண்டும் என்பது இந்தப் பக்கக் கோரிக்கை. பழைய அணைக்குக் கீழே வாழ்பவர்களின் பயம் அந்தப் பக்கம். வழக்கு, கமிட்டி, ஆய்வு எல்லாம் தொடர்கின்றன. மண்டபத்தில் நன்றி இருக்கிறது, கூடவே 'இது எங்க தண்ணி' என்ற அழுத்தமும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டுமென்றால் ஜனவரி 15. பாலார்பட்டியில் அன்று அவருக்காகவே பொங்கல் வைப்பார்கள், அதையும் பார்த்துவிட்டு வரலாம். அமைதியாகப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் நல்லது. முதல் போகத்துக்கு அணை திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும், வயலில் நாற்றங்கால் போட்டிருப்பார்கள். திரும்பும்போது தேனி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போர்டை நிமிர்ந்து பாருங்கள். அதுவும் அவர் பேர்தான்.