தொல்லக்னீவ்: நோர்வேக் கத்தியும் அதன் உறையும்



ஓகஸ்ட் மாதத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு பிள்ளைகள் கொண்டுவரும் வாராந்தக் கடிதத்தில் சில வேளைகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: வியாழக்கிழமை காட்டுக்குப் போகிறோம், சாப்பாடு, மழை உடுப்பு, இருப்பதற்கு ஒரு விரிப்பு, விரும்பினால் கத்தியும் கொண்டுவரலாம். எங்கள் வீடுகளில் பெற்றோரின் கண் அந்தக் கடைசிச் சொல்லில்தான் நிற்கும். பள்ளிக்கூடப் பைக்குள் கத்தியா என்று நெஞ்சு ஒருக்கால் திடுக்கிடும். சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிப் பழகியவர்களுக்கு அது இன்னும் கூடத்தான். ஆகவே சிலர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் தடி சீவிக்கொண்டிருக்க எங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். சிலர் குசினிக் கத்தி ஒன்றைக் கடதாசியில் சுற்றி அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது. உறை இல்லாத கத்தி பைக்குள் இருந்தபடியே கையை வெட்டும்.

நோர்வேக்காரர் இந்தக் கத்தியைத் தொல்லக்னீவ் என்பார்கள். எங்கள் காதுக்குத் தொல்லை என்று கேட்டாலும், மரம் சீவுகிற கத்தி என்பதுதான் பொருள். பின்லாந்தில் இதன் உறவுக்காரன் பூக்கோ. சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயராலேயே அழைக்கிறார்கள். அங்கே 1891இல் தொடங்கிய தொழில் இன்றும் நடக்கிறது. நோர்வேயில் கெய்லோவில் உள்ள புருஸ்லெத்தோ 1896இலும், ஹொல்மெடாலில் உள்ள ஹெல்லெ 1932இலும் தொடங்கியவை. எல்லாவற்றுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: எட்டு முதல் பத்துச் சென்ரிமீற்றர் அலகு, மடங்காதது, பேர்ச் மரப் பிடி, இடுப்புவாரில் தொங்கும் உறை. கரண்டி செதுக்க, மீன் துப்புரவாக்க, கயிறு அறுக்க, பாணுக்கு வெண்ணெய் பூச என்று தோட்டக்காரனும் மீன்பிடிகாரனும் நாள் முழுக்கப் பாவித்த சாமான் இது. எங்கள் ஊரில் சீவல் தொழிலாளி பாளைக்கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனபோது யாரும் பயந்ததில்லை. அதே போலத்தான் இதுவும்.

வாங்கும்போது விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண மோராக் கத்தி சில நூறு குறோணருக்குள் முடிந்துவிடும். சுருள் பேர்ச் பிடியும் தோல் உறையும் உள்ள நல்ல ஹெல்லெ ஆயிரத்தைத் தாண்டும். வெட்டுவதில் அந்த விலை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மிச்சக் காசு அழகுக்குத்தான். அழகும் வேண்டியதுதான், ஆனால் அது பத்து வயதுப் பிள்ளை காட்டில் தொலைத்துவிட்டு வருகிற கத்திக்கு வேண்டியதில்லை. பிள்ளைக்கென்றால் விரல் வழுக்கி அலகில் போகாதபடி பிடிக்கும் அலகுக்கும் இடையில் தடுப்பு வைத்த கத்தியை வாங்குங்கள். பழைய பாணிக் கத்திகளில் இந்தத் தடுப்பு இருக்காது. பிடியைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள், விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

அலகு இரண்டு வகை. கார்பன் உருக்கு தீட்டுவதற்கு இலகு, ஆனால் ஈரம் பட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு கொஞ்சம் பொறுக்கும். மேற்குக் கரை மழையிலும் உப்புத் தண்ணீரிலும் பாவிப்பவர்கள் இரண்டாவதையே எடுக்கட்டும்.

உறையை யாரும் கவனிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் கத்தியை விட அதைத்தான் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும். கத்தியை உள்ளே செருகித் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், விழக்கூடாது. ஆனால் பெருவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளினால் கழன்று வரவேண்டும்; முழுப் பலத்தோடு இழுக்க வேண்டியதாக இருந்தால் ஒருநாள் அந்த வேகத்தில் கை வெட்டுப்படும். தோல் உறையானால் கத்தியின் நுனி தையலை ஊடுருவி வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்ரிக் உறை அழகில்லை, ஆனால் தண்ணீரில் கழுவலாம், உடனே காயும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இனிப் பராமரிப்பு. மொட்டைக் கத்திதான் பாதுகாப்பு என்று எங்கள் ஆட்கள் நினைப்பதுண்டு. மொட்டையானால் பிள்ளை கூடப் பலம் போடும், அப்போதுதான் வழுக்கும். இந்தக் கத்திகளின் அலகில் இரு பக்கமும் ஒரு அகலமான சரிவு இருக்கும், அது நேரே வாய் வரை போகும். அந்தச் சரிவு முழுவதையும் சாணைக்கல்லில் தட்டையாகப் படுக்க வைத்துத் தீட்டினால் கோணம் தானாகவே சரியாக அமையும். ஆயிரம் என்று இலக்கமிட்ட தண்ணீர்க் கல் ஒன்று போதும். ஒரு பக்கம் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் கையில் தட்டுப்படும், பிறகு மற்றப் பக்கம். கடைசியாகப் பழைய தோல் இடுப்புவாரில், வாய் பின்னுக்கு வரும்படி சில தரம் இழுங்கள். குசினிக் கத்தியை இழுத்துத் தீட்டுகிற சின்னக் கருவிக்குள் மட்டும் இதைப் போடவேண்டாம், அது வேறு கோணத்தை வெட்டிச் சரிவைக் கெடுத்துவிடும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள்ளும் வேண்டாம், மரப்பிடி வெடிக்கும். கழுவித் துடைத்து அலகில் ஒரு சொட்டு எண்ணெய் பூசினால் சரி. எங்கள் வீடுகளில் இருக்கிற தேங்காயெண்ணெய் நல்லது, சாப்பாட்டோடு பட்டாலும் குற்றமில்லை. இந்த நாட்டுக் குளிரில் போத்தலுக்குள் உறைந்திருக்கும், விரலால் எடுத்துப் பூசலாம். மரப்பிடிக்கு வருடத்தில் ஒருதரம் ஆளிவிதை எண்ணெய். அது துடைத்த சீலையைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவிட்டோ பிறகு எறியுங்கள்.

இனிச் சட்டம். 2015 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த நோர்வேக் குற்றவியல் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி பொது இடத்தில் கத்தி கொண்டு திரிவது குற்றம். வேலைக்கோ, காட்டுப் பயணம் போன்ற நியாயமான காரியத்துக்கோ கொண்டு போனால் குற்றமில்லை. வியாழக்கிழமை பைக்குள் இருந்த கத்திக்குக் காரணம் உண்டு. அதே கத்தி சனிக்கிழமை அதே பையில் ஒஸ்லோ ரெயிலில் இருந்தால் காரணம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமென்று செய்யாவிட்டாலும் கடுமையான கவனயீனம் என்று கண்டால் போதும். இது அபராதத்தோடு முடிவதும் இல்லை: குற்றத் தண்டனையோ அபராதமோ பெற்றவர் குடியுரிமை எடுக்கக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டி வரும். இன்னும் விண்ணப்பிக்காத எங்கள் இளையவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. பிரித்தானியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களும் கவனிக்கவும், மடங்காத கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது அங்கேயும் குற்றம். பெரியவர்களும் தப்பில்லை. மீன்பிடிக்கப் போன ஜாக்கெட்டிலேயே கத்தியோடு கடைக்குப் போகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

போகும்போது கத்தியை இடுப்பில் கட்டாமல், உறையோடு பையின் அடியில் வைத்து விடுங்கள். காட்டில் வாத்தியார் சொன்ன பிறகு எடுக்கட்டும். திரும்பி வந்த பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுக்கும்போதே கத்தியையும் எடுத்துவிடுங்கள். தோல் உறை நனைந்திருந்தால் கத்தியை அதற்குள் திருப்பிச் செருகவேண்டாம், ஈரத்தோலுக்குள் துரு சீக்கிரம் பிடிக்கும். உறையைச் சூடாக்கியின் மேல் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், சாதாரணக் காற்றில் தொங்கவிடுங்கள். காய இரண்டு நாள் எடுக்கலாம். அதுவரை கத்தி ஒரு துணியில் சுற்றியபடி, பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற தட்டில் இருக்கட்டும்.