நாய் ஜாக்கிரதைப் பலகையும் நாம் பூட்டிச் செல்லும் வீடும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் ஓயாது நிகழும். ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் கிடைத்ததா என்பது ஒன்று. வீட்டை யாரை நம்பி விட்டுச் செல்வது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கூறுவது என் அன்றாடத் தொழில். முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தனாக அமர்ந்திருக்கும் நான், 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது என்பதை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு விடையை அலுவலகத்தில் கற்கவில்லை. என் சொந்த வீட்டின் உடைந்த கதவருகே நின்று கற்றேன். அதனை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மும்பையின் புறநகர்த் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். 'நாய் ஜாக்கிரதை' என்று இந்தியிலும் மராத்தியிலும் பலகைகள் தொங்குகின்றன. அவற்றுட் பல வீடுகளில் நாய் குரைத்து யாரும் கேட்டதில்லை. 'இவ்விடம் கேமராக் கண்காணிப்பில் உள்ளது' என்று ஒட்டியிருக்கும் இடங்களில் சிலவற்றில் கேமராவே இல்லை. வசதி படைத்தோர் வாசலில் அபாய மணிப் பெட்டி சிவப்பு விளக்குடன் மினுக்குகிறது. இப்பலகைகளையும் மணிகளையும் கண்டு கள்வன் அஞ்சித் திரும்புகின்றானா? அல்லது நம் மனத்தின் அச்சத்தைப் போக்க மட்டுமே இவை உதவுகின்றனவா?

கள்வன் வீட்டைப் படிக்கும் விதம்

சூத்ரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்னும் வடமொழி நாடகத்தில் சர்விலகன் என்றொரு கள்வன் வருகிறான். கன்னம் வைப்பதை ஒரு கலையாகவே பயின்றவன் அவன். சாருதத்தனுடைய மாளிகையின் தோற்றத்தை நம்பிச் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிறான். நுழைந்த பின்னரே, அது வறுமையுற்றவன் வீடு என்பது அவனுக்குப் புலனாகிறது. ஆயினும் வெறுங்கையுடன் அவன் திரும்பவில்லை. வசந்தசேனை அடைக்கலமாக வைத்த பொன்னணிப் பேழையைக் காவல் காத்திருந்த மைத்திரேயன், தூக்கக் கலக்கத்தில் அவனைத் தன் நண்பனென்று எண்ணி, அப்பேழையைத் தானே அவனிடம் ஒப்படைத்துவிடுகிறான்! பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய நாடகமாயினும், இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. கள்வன் வெளித்தோற்றத்தைக் கண்டே முடிவு செய்கிறான் என்பது ஒன்று. காவல் இருந்தும் காவலாள் விழித்திராவிடில் பயனில்லை என்பது மற்றொன்று.

இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கள்வர்களையே நேரிற் கண்டு வினவியிருக்கின்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிராம்வெல் என்பாரும் அவருடைய துணைவரும் 30 கள்வர்களுடன் பழகி, 1991-இல் ஒரு நூல் வெளியிட்டனர். செயின்ட் லூயிஸ் நகரில் ரைட், டெக்கர் என்னும் இருவர் 105 கள்வர்களிடம் பேசி, 1994-இல் மற்றொரு நூலை வெளியிட்டனர். வீட்டில் ஆள் இருக்கிறார்களா, அக்கம்பக்கத்தார் காணக்கூடுமா, எளிதில் நுழைய இயலுமா என்பவையே கள்வனின் மனத்தில் முதலில் எழும் வினாக்கள் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. பூட்டின் விலையைக் காட்டிலும், வாசலில் கிடக்கும் நான்கு நாள் செய்தித்தாள் அவனுக்கு அதிகம் சொல்கிறது.

அபாய மணியைப் பற்றிய விடையும் கிடைத்திருக்கிறது. வட கரோலினா, கென்டக்கி, ஒஹையோ ஆகிய 3 மாநிலங்களில் தண்டனை பெற்ற 422 கள்வர்களிடம், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் வினாத்தாள் கொடுத்துக் கேட்டனர். மணி இருப்பதை அறிந்தால் வேறு வீட்டைத் தேடுவோம் என்று அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கூறினர். இவ்வாராய்ச்சிக்குப் பணம் உதவியது அபாய மணித் தொழிலைச் சார்ந்த ஓர் அறக்கட்டளை என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும், நியூ ஜெர்சியின் நெவார்க் நகரில் காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு வேறொரு பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வும், மணி பொருத்திய வீடுகளில் கன்னக்களவு குறைவு என்றே உரைத்தது.

ஆகவே பலகையும் மணியும் முற்றிலும் வீண் என்று கூறுவதற்கில்லை. தயங்கி நிற்கும் கள்வனை அவை அடுத்த தெருவுக்கு அனுப்பக்கூடும். துணிந்துவிட்ட கள்வனையோ, வீட்டில் ஆளில்லை என்பதை உறுதியாக அறிந்தவனையோ அவை தடுக்குமா என்பதே கேள்வி.

ஓநாய் வந்த கதை

மின்சார அபாய மணிக்கு அமெரிக்காவில் 1853-இல் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவைத் திறந்தால் மின்னோட்டம் மாறி மணி ஒலிக்கும் என்பதே அதன் அடிப்படை. இன்று கடைகளில் விற்கும் கருவியும் ஏறத்தாழ அதே வழியைப் பின்பற்றுகிறது. கதவுநிலையில் ஒரு காந்தமும் அதற்கு எதிரே ஒரு சிறு சாவியும் இருக்கும். கதவு திறந்து காந்தம் விலகினால் மணி அலறும். அறை மூலையில் வைக்கும் உணரியோ, உடலின் வெப்பம் அசைவதைக் கண்டு செய்தி தரும். சிலவற்றில் சிம் அட்டை இருந்து, நம் கைப்பேசியையும் அழைக்கும்.

கருவி கெட்டது அன்று. ஆனால் அதற்கு நல்லவனையும் பொல்லாதவனையும் பிரித்தறியத் தெரியாது. உணரியின் முகத்தின்மேல் ஊரும் பல்லியும், காற்றில் ஆடும் திரைச்சீலையும், சரியாகச் சாத்தாத கதவும் அதற்குக் கள்வனே. அமெரிக்கக் காவல்துறைக்கு வரும் அபாய மணி அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய்யழைப்புகள் என்று அங்குள்ள காவல்துறையினருக்காக எழுதப்பட்ட கையேடு கூறுகிறது. சால்ட் லேக் சிட்டி நகரத்தார் இதனால் சலிப்புற்று, நேரிற் பார்த்தவர் உறுதி கூறினாலன்றி மணியோசைக்காகக் காவலரை அனுப்புவதில்லை என்று 2000-ஆம் ஆண்டில் விதி வகுத்தனர்.

இங்கே என் கதையைக் கூறவேண்டும். 2023 மே மாதத்தில் என் தங்கையின் திருமணத்திற்காக நாங்கள் குடும்பத்துடன் திருநெல்வேலிப் பக்கம் சென்றோம். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே 3,500 ரூபாய் கொடுத்து ஓர் அபாய மணி வாங்கிப் பொருத்தியிருந்தேன். வாசலில் எச்சரிக்கை வாசகமும் ஒட்டினேன். அந்த இரண்டு மாதத்தில் மணி மூன்று முறை நள்ளிரவில் அலறியது. மூன்று முறையும் காரணம் ஒரு பல்லி. எதிர் வீட்டு மராத்திய மூதாட்டி ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பார்த்து, நான் அசடு வழிய மன்னிப்புக் கேட்டதும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மாப்பிள்ளை அழைப்பு நடந்த இரவில் நான்காம் முறையாக மணி அலறியது. என் கைப்பேசிக்கும் மூன்று அழைப்புகள் வந்திருந்தன. ஓசை நிறைந்த மண்டபத்தில் அவற்றை நான் கேட்கவில்லை. விடியற்காலையில் பார்த்தபோதும், "பல்லியாக இருக்கும்" என்று மனைவியிடம் கூறினேன். உள்ளத்தில் ஐயம் எழுந்த பின்னரும், யாரை அழைத்துப் பார்க்கச் சொல்வது? ஆறு ஆண்டுகள் எதிரெதிரே வாழ்ந்தும் அவ்வீட்டாரின் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. என் எண் அவர்களிடமும் இல்லை.

திரும்பி வந்தபோது தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தது. மனைவியின் சீர்வரிசையில் வந்த வெள்ளிக் குத்துவிளக்கு, வாடகைக்கென வைத்த 8,000 ரூபாய், மகள் பிறந்தபோது என் அன்னை தம் காதிலிருந்து கழற்றித் தந்த கம்மல் ஆகியவை போயின. பள்ளிச் சான்றிதழ்கள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. எதிர் வீட்டு அம்மையார் கண் கலங்கி நின்றார். "மணியோசை கேட்டதப்பா. உங்கள் பல்லி மறுபடியும் வந்துவிட்டது என்றே எண்ணினேன்" என்றார். அவரை நான் எங்ஙனம் நோவேன்? அதே சொல்லை அதே இரவில் நானும் அன்றோ கூறினேன்! பேழையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த மைத்திரேயனுக்கும் எனக்கும் வேற்றுமை யாது?

கூட்டுப்புழுவின் கூடு

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தைச் சார்ந்த கிர்க்ஹோல்ட் என்பது ஏறத்தாழ 2,000 வீடுகள் கொண்ட ஒரு தொழிலாளர் குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே களவு மலிந்திருந்தது. ஒருமுறை களவு போன வீட்டிலேயே மறுமுறையும் களவு நிகழ்வதை ஆய்வாளர் கண்டனர். பணம் போட்டு இயக்கும் எரிவாயு, மின்சார மீட்டர்களைக் கள்வர் உடைத்து வந்தமையால், அவற்றை அகற்றினர், பூட்டுகளை வலுப்படுத்தினர். இவை மட்டும் அன்று. களவுக்கு ஆளான வீட்டைச் சூழ்ந்த ஐந்தாறு வீட்டாரை அழைத்து, அவ்வீட்டின்மேல் கண் வைத்திருக்குமாறு வேண்டினர். கூட்டுப்புழுவைக் கூடு காப்பதுபோல் அயலார் காத்தமையால் இதற்குக் 'கூட்டுப்புழுக் காவல்' என்று பொருள்படும் பெயரும் அமைந்தது. 3 ஆண்டுகளில் அக்குடியிருப்பில் வீட்டுக்களவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது.

இச்செய்தியைப் படித்தபோது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. நம் ஊர்த் தெருக்களின் நினைவே வந்தது. திண்ணையில் அமர்ந்த தாத்தாவும், கோலமிட வரும் பெண்டிரும், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்கும் எதிர் வீட்டு அத்தையும் அங்கே மணியாகவும் பலகையாகவும் விளங்கினர். பிழைப்புத் தேடி வந்த இடத்தில் அத்திண்ணையை நாம் இழந்தோம். அயலார் பேசுவது வேற்றுமொழி என்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

புகாரை விட்டு மதுரைக்கு வந்த கோவலனும் நம்மைப்போலப் புலம்பெயர்ந்தவனே. அந்நகரில் அவனை அறிந்து, இவன் கள்வன் அல்லன் என்று அரண்மனை வாயிலில் எடுத்துரைக்க ஒருவர் இருந்திருப்பின், அக்கொடுமை நேர்ந்திருக்குமோ? அயலாரை அறியாது வாழ்வோர் பொருளை மட்டுமன்றி, தமக்காகப் பேசும் வாயையும் இழக்கின்றனர். ஆதலின் தெருவில் புதிதாகக் காணும் ஏழையையெல்லாம் கள்வனென்று ஐயுறுவதைக் காவல் என்று கொள்ளலாகாது. இன்னார் இன்ன வீட்டார் என்று ஒருவரையொருவர் அறிந்திருப்பதே காவல்.

செய்யத்தக்கவை

பயணச் செய்தியை முகநூலிலும் வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும் புறப்படுமுன் வெளியிடாதீர்கள். ரயில் பெட்டியில் எடுத்த படங்களைத் திரும்பி வந்த பின்னர்க் காட்டினாலும் அவற்றின் அழகு குறையாது. செய்தித்தாளையும் பாலையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஓர் அறையில் நேரங்காட்டிச் சாவி வைத்து, மாலையில் விளக்கு தானே எரியச் செய்யுங்கள். மணி வைத்திருப்போர் மின்கலத்தையும் சிம் அட்டையின் ரீசார்ஜையும் சரிபார்த்து, பொய்யொலி எழுப்பும் உணரியை இடம் மாற்றி வையுங்கள். மணிக்கு முன்னர்த் தாழ்ப்பாளையும் கதவுநிலையையும் வலுப்படுத்துங்கள்.

நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வங்கியிலேயே களவு நேரின், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

ஊரிலுள்ள பெற்றோர் நம்முடன் தங்க வரும்போது அங்கேயும் வீடு பூட்டிக் கிடக்கும். தமிழ்நாட்டில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டித் தெரிவித்தால் இரவு ரோந்தில் பார்வையிடுவர். கேரளக் காவல்துறை பூட்டிய வீட்டைப் பற்றித் தெரிவிக்கத் தன் கைப்பேசிச் செயலியிலேயே வழி அமைத்தது. ஆந்திரக் காவல்துறையோ, கேட்போரின் பூட்டிய வீட்டினுள் தானே கேமரா பொருத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

களவு நேர்ந்துவிட்டது என்று ஊரில் இருக்கும்போதே அறிந்தால், அங்குள்ள காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும் தகவலை ஏற்க வழி செய்கிறது. மின்னணு வழியாகவும் தெரிவிக்கலாம். 3 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அயலார் எவரேனும் அப்பொழுதே கண்டால் 112 என்னும் எண்ணை அழைக்கட்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது எளியது, செலவற்றது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் மொழியில் நான்கு சொற்கள் தடுமாறிப் பேசினாலும் போதும். தொலைபேசி எண்ணைப் பெற்று, நமதையும் கொடுங்கள். அவர்கள் வெளியூர் செல்லும்போது அவர்கள் வீட்டை நாம் பார்த்துக்கொள்ள ஒப்புங்கள்.

சென்ற கோடையில் நாங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது என் வீட்டுச் சாவியின் ஒரு படி எதிர் வீட்டு மூதாட்டியிடம் இருந்தது. நாள்தோறும் மாலையில் அவர் எங்கள் வீட்டைத் திறந்து விளக்கேற்றி, துளசிக்கு நீர் ஊற்றி, அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்து தொலைக்காட்சியும் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நாள் இரவு என் கைப்பேசி ஒலித்தது. "மணி அடித்தது, மகனுடன் உள்ளே சென்று பார்த்தேன். பல்லிதான், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றார் அம்மையார்.